வீட்டு மோட்டாரில் டக்டக்: சென்னையிலிருந்து ஆம்பூர் வரை

மோட்டாரின் முதுகிலேயே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாமே என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு என்னிடமே நாலைந்து பேர் விசாரித்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னையிலிருந்து வேலூர் எண்பத்தாறு மைல். அங்கிருந்து ஆம்பூர் முப்பத்தொரு மைல். ரயிலில் ஏறினால் ஒரு பகலுக்குள் முடிந்துபோகிற பிரயாணம். எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. ரோட்டின் மேல் குற்றமில்லை. வண்டிக்குள்ளிருந்து வந்த ஒரு சத்தம்தான் காரணம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் கூசுகிறது.

என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிறவர்களுக்கு வேண்டிய சரக்கில் வியாபாரம். ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை இவற்றின் மாதிரிகளை எடுத்துக்கொண்டு ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று மாதத்தில் பாதி நாள் சுற்றுவார். இரண்டு வருஷமாக, "ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன ஐப்பசியில் ஒரு பழைய லாரியை வாங்கி, அதன்மேல் பதினாலடி நீளம் ஆறடி அகலத்தில் தேக்குச் சட்டமும் தகரமுமாக ஒரு வீடு கட்டச் சொன்னார். உள்ளே இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஸ்டவ் வைக்க ஒரு மேடை. முன்னால் ஓட்டுகிற சீட். சீட்டுக்குப் பின்னால் உள்ளே பார்க்க ஒரு சின்ன ஜன்னல். டிரைவர் கிடையாது. அவரே ஓட்டுவார். "நீயும் வா, ரெண்டு பேருமாப் போவோம்" என்று என்னை வற்புறுத்தினார். புரசைவாக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் வாத்தியார் வேலை பார்க்கிறேன். மார்கழி விடுமுறை பத்து நாள் இருந்தது. சரி என்றேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் என்னை வியாபாரத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பூந்தமல்லியில் விடிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஏழேகால். ரோடு அதுவரை நன்றாக இருக்கிறது. மணிக்குப் பதினைந்து மைலுக்கு மேல் போகாதீர்கள். போனால் வீடு ஆடும், அலமாரிக் கதவு தானே திறந்துகொண்டு காப்பிப் பொடி டப்பா கீழே விழும். (விழுந்தது.) தாமல் தாண்டி ஒரு மைல் போயிருப்போம், அப்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன்.

டக். கொஞ்சம் விட்டு டக்டக். மறுபடி டக். கதவை யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல. எப்போது வரும் என்று எதிர்பார்த்தால் வராது. மறந்துவிட்டோம் என்று நினைக்கும்போது வரும்.

"ஏங்க, பின்னாடி ஏதோ தட்டுதே, கேக்குதா?" என்று கத்தினேன். ஓடுகிற லாரியில் கத்தாமல் பேச முடியாது.

"ரோடு சத்தம்" என்றார்.

"ரோடு சத்தம் இல்ல. டக்டக்குனு வருது."

"ஒண்ணும் வரல."

பத்து மணிக்குக் காவேரிப்பாக்கம். சென்னையிலிருந்து அறுபது மைல். ஏரிக்கரை மேல் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மழை பெய்து ஓய்ந்த சமயம், ஏரி முட்ட முட்ட நிறைந்து கிடந்தது. எனக்கு ஏரியைப் பார்க்கப் பொறுமையில்லை. உள்ளே ஏறிப் பாத்திரங்களைத் துணி சுற்றி வைத்தேன். மாதிரிக்காக எடுத்து வந்த கடுக்காய்ச் சின்ன மூட்டைகள் ஆறு இருந்தன. கடுக்காய் கல்போல இருக்கும், உருண்டால் இப்படித்தான் சத்தம் வரும் என்று தோன்றியது. கீழே நின்றிருந்த அவரிடம், "கடுக்காய் மூட்டையை இறக்கிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"ஆமாம், பெரிய ஏரி" என்றார்.

என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பேசாமல் ஆறு மூட்டையையும் நானே இழுத்துக் கட்டிலுக்கடியில் நெருக்கித் தள்ளினேன்.

மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் கரையேறி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இன்னாம்மா இது, வூட்டையே தூக்கினு வந்துட்டீங்க?" என்றார். சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "அச்சுல மசை போட்டுக்கினு போங்க. வண்டின்னா அச்சுதான்" என்றார். அவருடைய மாட்டுவண்டிக்கு அது சரியான வைத்தியமாக இருக்கலாம்.

அங்கிருந்து வாலாஜா ஒன்பது மைல், பிறகு ராணிப்பேட்டை. சத்தம் கூடவே வந்தது. ராணிப்பேட்டையில் அன்றைக்குத் தங்கினோம். அவர் வியாபாரத்துக்குப் போன நேரத்தில் நான் கடைத்தெருவில் இரண்டணாவுக்குக் கயிறு வாங்கி, வண்டிக்குள் அசையக்கூடியது எதுவோ அதையெல்லாம் கட்டினேன். அலமாரிக் கதவு, ஸ்டவ், விளக்கு, துடைப்பம், அவருடைய குடை. மறுநாள் பகல் வேலூருக்குப் புறப்பட்டபோது உள்ளே ஒரு பொருளை எடுக்க வேண்டுமானால் நாலு முடிச்சு அவிழ்க்க வேண்டும். வண்டி ராணிப்பேட்டை எல்லையைத் தாண்டவில்லை, டக்டக்.

இந்த இடத்தில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து தலையைத் திருப்பிக்கொண்டிருந்தால் தெரியாது, உள்ளே போய்க் காதை வைத்துக் கேட்கலாம் என்று வண்டியை நிறுத்தச் சொல்லிப் பின்னால் ஏறினேன். இடப்பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இப்போ ஓட்டுங்க" என்றேன். இரண்டு மைல் ஓட்டினார். சத்தமே இல்லை. சந்தோஷமாக முன்னால் வந்து உட்கார்ந்தேன். கால் மைலில் டக்டக். மறுபடி உள்ளே போனேன். இல்லை. முன்னால் வந்தேன். டக்டக். இப்படி நாலு தடவை ஏறி இறங்கினேன். லாரியில் ஏறப் படி இரண்டடி உயரம், புடைவை கட்டியவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

நாலாவது தடவை அவர் சிரித்தார். "உள்ளே இருந்தா இல்ல, முன்னாடி வந்தா இருக்கு. அப்போ சத்தம் வண்டியில இல்ல, உன் காதுல இருக்கு" என்றார்.

பள்ளியில் நாற்பது பெண்கள் ஒரே சமயத்தில் பேசினாலும் யார் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். என் காதைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

வேலூரில் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் போன கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன், அவசரக்காரர்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியை விட்டோம். மேஸ்திரி எஞ்சின் மூடியைத் திறந்து, "எஞ்சின்தான்" என்றார். நான், "சத்தம் பின்னாலிருந்து வருது" என்றேன். "அம்மா, எஞ்சின் சத்தம் பின்னாடி போயி கேக்கும்" என்றார். பகல் மூன்று மணிவரை எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார்கள். கோட்டை அகழி ஓரம் ஒரு மரத்தடியில் ஜமுக்காளத்தைப் போட்டு உட்கார்ந்து, ஊர்ப் பஸ்கள் போவதை எண்ணிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். மேஸ்திரி ஓட்ட, ஆட்கள் இருவரும் உள்ளே கட்டிலில் சௌக்கியமாக உட்கார்ந்துகொண்டார்கள். திரும்பி வந்து, "சுத்தமா இல்லம்மா. பஞ்சு மாதிரி ஓடுது" என்றார்கள். ஒன்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வேலூரை விட்டோம். இரண்டாவது மைல்கல் பக்கத்தில் டக்டக். அழுகை வந்துவிட்டது எனக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பஞ்சுப் பொதியைக் காதில் அடைத்துக்கொண்டு உட்காரலாமா என்று யோசித்தேன்.

"கேக்குதா, கேக்குதா, இப்போ!" என்று அவர் தோளைத் தட்டினேன்.

"கேக்கல பாக்கியம். நான் என்ன பண்ணட்டும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர்போலச் சொன்னார். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

பள்ளிகொண்டாவுக்கு மூன்று மைல் இருக்கும்போது பின்னால் ஒரு பஸ் வந்தது. ஆரன் அடித்தான். இவர் நடு ரோட்டைவிட்டு நகரவில்லை. மறுபடி அடித்தான், மறுபடியும் அடித்தான். "வழி விடுங்க" என்று நான் கத்துவதற்குள் அவன் பொறுமையிழந்து, வலப்புறம் மண்ணில் இறங்கி எங்களை உரசிக்கொண்டு முன்னால் போனான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ரோட்ட இன்னா குத்தகைக்கா எடுத்துக்கீறீங்க?" என்று கூவினான். அந்தப் பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. பஸ்ஸின் சக்கரம் அதற்கு ஒரு முழ தூரத்தில் போனதை நான் பார்த்தேன். உள்ளே குழந்தைகள் இருந்தார்கள்.

பள்ளிகொண்டாவில் கோயில் தெருவில் வண்டியை நிறுத்தியதும் பிடித்துக்கொண்டேன். "அப்படி என்ன பிடிவாதம்? ஆரன் அடிச்சா வழி விட்டா என்ன குறைஞ்சுபோகும்?" அவர் தலையாட்டிவிட்டு இறங்கி, ரங்கநாதரைச் சேவிக்கப் போய்விட்டார். எங்கள் வீட்டில் சண்டை எப்போதும் இப்படித்தான். ஓடுகிற வண்டியில் நான் கத்திப் பேசும்போது நன்றாகவே பதில் சொல்லுவார். வண்டி நின்று, நான் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தால் வேறெங்கோ பார்ப்பார். இல்லையென்றால் தலையாட்டுவார். இரண்டு வருஷமாக இதுதான். எனக்கும் வயதாகிறது, என் பேச்சு அவருக்குச் சலித்துவிட்டது என்று நான் ஒரு முடிவுக்கே வந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஆம்பூர்வரை பதினேழு மைல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தம் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

ஆம்பூரை நெருங்குகிறோம் என்பது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். சுண்ணாம்பும் ஊறுகிற தோலும் மரப்பட்டையும் கலந்த நெடி. முதல் ஒரு மணி நேரம் தாங்காது, பிறகு பழகிவிடும். தோல் பதனிடுகிற இடத்தை இங்கே ஷாப்பு என்கிறார்கள். பாலாற்றுப் பக்கமாக இருந்த ஒரு ஷாப்புக்கு அவர் முதலில் போக வேண்டியிருந்தது. பதினொரு மணிக்கு வண்டியை அதன் முற்றத்தில் நிறுத்திவிட்டு, கடுக்காய் மாதிரிகளோடு உள்ளே போனார்.

முற்றத்தின் மூலையில் ஒரு கொட்டகை. அதில் கிணற்றிலிருந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிற பிட்டர் காதர் பாய். ஐம்பது வயதிருக்கும். எண்ணெய்க் கறை படிந்த தொப்பி. அவர் எஞ்சின்மேல் ஒரு நீளமான இரும்புக் கம்பியை ஊன்றி, அதன் மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் கண்ணைத் திறந்ததும் நேரே போய், "பாய், எங்க வண்டியில ஒரு சத்தம்" என்றேன். நான்கு நாளைய கதையையும் அவர் காதருகே நின்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

மற்றவர்களைப்போல, இதுதான் என்று உடனே சொல்லவில்லை அவர். கேள்வி கேட்டார்.

"எப்பம்மா வருது? மேட்டுலயா, பள்ளத்துலயா?"

"ரெண்டுலயும் வருது."

"வண்டில யாரு எங்க குந்தினா வருது?"

இதை யாருமே கேட்கவில்லை. நான் யோசித்துச் சொன்னேன்: நான் முன்னால் இருந்தால் வருகிறது, உள்ளே கட்டிலில் இருந்தால் வரவில்லை. மேஸ்திரியின் ஆட்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோதும் வரவில்லை.

"எந்தக் கட்டிலு?"

"இடது பக்கம்."

"அப்ப பேஜாரே இல்ல" என்றார் காதர் பாய். "வெயிட்டு ஏறினா வாய மூடிக்குது. எறங்கினா பேசுது. கீழதான் இருக்குது."

அதற்குள் என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். பாய் எஞ்சினை நிறுத்தினார். நாள் முழுக்கக் கேட்கும் இரைச்சல் நின்றதும் முற்றமே வேறு இடம்போல ஆயிற்று. ஒரு சாக்கை விரித்துக்கொண்டு பாய் வண்டிக்கு அடியில் படுத்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு, "அம்மா, குனிஞ்சு பாருங்க" என்றார்.

இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு உள்ளே, வண்டியின் பாரத்தைத் தாங்குகிற இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அந்த அடுக்கையும் சக்கரத்தின் அச்சையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்க இரண்டு வளைந்த போல்ட்டுகள். அவற்றில் ஒன்றைக் காணோம். எங்கேயோ ரோட்டில் விழுந்துவிட்டது. இன்னொன்றின் நட்டு தளர்ந்து, கடைசி நாலு சுற்று மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று டன் சுமக்கச் செய்த பட்டை, எங்கள் வீடோ அதில் பாதிகூடக் கனம் இல்லை. அதனால் சின்னக் குழியில்கூடப் பட்டை எகிறி எகிறி அச்சைத் தட்டியிருக்கிறது. மேலே கட்டிலில் ஒரு ஆள் உட்கார்ந்தால் அழுந்திப்போய்ச் சும்மா இருந்திருக்கிறது.

"இது போயிருந்தா?" என்று கேட்டேன்.

"பின்னாடி அச்சு திரும்பிக்கும். வண்டி நேரா போவாது. பள்ளத்தப் பாத்துப் போவும்" என்றார் பாய், சாதாரணமாக.

எனக்குப் பள்ளிகொண்டாப் பக்கத்துப் பள்ளம் ஞாபகம் வந்தது. ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "ரோடு சத்தமா? என் காதுல இருக்கா? இப்போ வந்து கேளுங்க!" முற்றத்தில் தோல் உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாய் சண்டையைத் தணிக்க நினைத்தார்போல. "இருங்கம்மா. சாருக்குக் கேக்க வெக்கிறேன்" என்று கம்பியின் ஒரு முனையைப் பட்டையின்மேல் ஊன்றினார். மறுமுனையை அவரிடம் கொடுத்தார். அவர் குனிந்து அதைக் காதில் வைத்துக்கொண்டார். பாய் கையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு, "கேக்குதா சார்?" என்றார்.

"கேக்குது, கேக்குது. டக்டக்குனு நல்லாக் கேக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

சுத்தியல் அசையவில்லை. பாய் இன்னும் தட்டவே இல்லை.

நான் சுத்தியலைப் பார்த்தேன். பிறகு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக நான் பார்த்துவருகிற அதே தலையாட்டல். நான் பேச்சை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கிடைத்த அதே தலையாட்டல். "ஆமாம், பெரிய ஏரி."

பாய்தான் பேசினார். தோல் உலர்த்துகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "சார், எனக்கு வலது காது போயி ஆறு வருஷம் ஆச்சு. எடதும் கம்மிதான். எஞ்சினுக்குப் பக்கத்துலயே இருந்து இருந்து. யாருக்கும் சொல்லல. சொன்னா வேலைய வுட்டு எடுத்துடுவாங்கன்னு. அப்பறம் இதக் கண்டுபுடிச்சேன்." கம்பியின் முனையைத் தன் வேட்டித் தலைப்பால் நன்றாகத் துடைத்தார். "காதுல வெக்காதீங்க. பல்லால கடிச்சிக்குங்க. பல்லுக்கும் காது இருக்குது."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கம்பியைக் கடித்துக்கொண்டார். பாய் சுத்தியலால் பட்டையை லேசாகத் தட்டினார்.

அவர் புருவம் உயர்ந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தூங்குகிறவரை யாரோ பெயர் சொல்லி எழுப்பினதுபோல இருந்தது. பாய் பட்டையைக் கையால் அசைத்தார். அது அச்சில் மோதியது. டக். டக்டக்.

கம்பியை வாயிலிருந்து எடுத்து, "இதுவா?" என்றார். "நாலு நாளா நீ சொன்னது இதுவா?"

"இதுதான்" என்றேன்.

"இவ்வளவு சத்தமாவா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் கடித்துக்கொண்டார். பாய் அலுக்காமல் மறுபடியும் அசைத்துக் காட்டினார்.

புது போல்ட் அடித்துப் பொருத்த மறுநாள் பகல்வரை ஆயிற்று. ஆம்பூரில் ஒரு கொல்லர், காதர் பாய் சொன்ன அளவுக்கு இரண்டு போல்ட்டும் அடித்துக் கொடுத்தார், மூன்று ரூபாய் எட்டணா. பாய் எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். வற்புறுத்தியதில் காப்பி மட்டும் குடித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே நாங்கள் இருவரும் ஆற்றுமணலில் போய் உட்கார்ந்தோம். நான் கேட்காமலே சொன்னார். இடது காதில் ஆரம்பித்ததாம். பிறகு இரண்டும். ஏலம் கேட்பவர்களின் குரல் புரியாமல்போய், பட்டை ஏலத்துக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார். ஓட்டலில் பத்துப் பேர் பந்தியில் பேசிச் சிரிக்கும்போது, தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றுமாம். "வயிறு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அப்போ இந்த வண்டி?"

"ஓடற வண்டியில எல்லாரும் கத்தித்தானே பேசணும். போன வருஷம் உன் தம்பியோட லாரியில போனோமே, அப்போ நீ சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுது. ஒண்ணு விடாம." கையிலிருந்த மணலைக் கொட்டிவிட்டு, "வீட்டுல கேக்கறதில்ல" என்றார்.

எண்ணூறு ரூபாய் செலவழித்து ஒரு மனிதர் லாரிமேல் வீடு கட்டியிருக்கிறார், பெண்டாட்டி பேசுவதைக் கேட்பதற்காக. அந்த வண்டிக்குள் நான் நான்கு நாளாக அவரைத் திட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அத்தனையும் அவருக்கு ஒண்ணு விடாமல் கேட்டிருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன? அதையும் கேட்டேன். "சொன்னா வண்டி ஓட்ட விடமாட்டே" என்றார். அது உண்மை. உங்களிடம் மறைப்பானேன், அந்தப் பஸ்ஸிலிருந்த குழந்தைகளை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பும்போது வேலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காதுக்குள் இருக்கிற சின்ன எலும்பு இறுகிப்போயிருக்கலாம், இனிக் காது கேட்பது குறையுமே தவிர ஏறாது, ஆனால் முழுக்கப் போய்விடும் என்று பயப்பட வேண்டாம் என்றார். நேர்மையாகச் சொன்னார். அதற்கே அவருக்கு நன்றி.

இந்தப் பக்கம் வீட்டு மோட்டாரில் வர நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். விடியுமுன் சென்னையை விட்டால் வெயிலுக்குள் ராணிப்பேட்டை வந்துவிடலாம். வண்டி கேலனுக்குப் பத்து மைல்தான் கொடுக்கும், பெட்ரோலை ராணிப்பேட்டையிலும் வேலூரிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஷாப்புகளுக்குப் பக்கத்துக் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாது. ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி எடுத்தது நன்றாக இருக்கும். லாரிமேல் வீடு கட்டினால் ஐம்பது மைலுக்கு ஒரு தடவை இரும்புப் பட்டைகளைப் பிடிக்கிற போல்ட்டுகளை நட்டு முடுக்கும் சாவி போட்டு இறுக்குங்கள். சத்தத்தைத் தேடும்போது வண்டியில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காதீர்கள், யார் எங்கே உட்கார்ந்தால் சத்தம் மாறுகிறது என்று பாருங்கள். அதைக் கேட்காத மேஸ்திரியிடம் வண்டியை விடாதீர்கள். ஓட்டுகிறவருக்குக் காது மந்தமாக இருந்தால் தனியாக ஓட்ட விடாதீர்கள். நாங்கள் வேலூர்க் கடைத்தெருவில் சவரக் கண்ணாடி ஒன்று வாங்கி, பின்னால் வருவது தெரியும்படி வலப்பக்கம் முடுக்கியிருக்கிறோம். ஆரன் கேட்டால் நான் அவர் தோளை ஒரு தடவை தட்டுவேன். ரயில்வே கேட் வந்தால் இறங்கி நானே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கை காட்டுவேன். அடுத்த விடுமுறையில் ஓட்டக் கற்றுக்கொள்ளப்போகிறேன். அவர் இன்னும் சரியென்று சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். திரும்பி வரும்போது வாலாஜா தாண்டி ஒரு புளியமரத்தடியில் சமைப்பதற்காக நிறுத்தினோம். எஞ்சின் ஓய்ந்திருந்தது. நான் உள்ளே அரிசி களைந்துகொண்டே, வழக்கப்படி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னேன். வெளியே அவர் வழக்கம்போலத் தலையாட்ட ஆரம்பித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் தலை நின்றது. படியருகே வந்தார்.

"கேக்கல. திருப்பிச் சொல்லு" என்றார்.

பதினெட்டு வருஷத்தில் திருப்பிச் சொல்லு என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை. நான் சொன்னது பெரிய விஷயமில்லை, உப்பு தீர்ந்துவிட்டது என்றுதான். ரோட்டில் போன இரண்டு வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்க மறுபடி சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு உப்பு வாங்கப் போனார்.